எழுத்து வந்த வழி – 17: கண் விட்ட வரி

பழைய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று வீட்டில் இருந்தால் திறந்து பாருங்கள். பல கிதாபுகளில் பக்கத்தின் கடைசி வரிக்கும் கீழே, இடது மூலையில், ஒரேயொரு சொல் சற்றுச் சரிந்தபடி தனியே நிற்கும். அந்தப் பக்கத்து வாக்கியத்தோடு அது சேராது. அடுத்த பக்கம் எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ, அந்தச் சொல்லை முன்கூட்டியே இங்கே எழுதி வைத்திருப்பார்கள்.

அரபுக் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து வந்த பழக்கம் இது. தாள்களுக்கு எண் போடும் வழக்கம் பரவாத காலத்தில், நூல் கட்டுபவர் தாள்களை வரிசை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக எழுதினார்கள். பின்னாளில் கல்லச்சில் கிதாபு போட்டவர்களும் அதை விடவில்லை. அரபியில் அதற்குத் 'தஃகீபா' என்று பெயர்; பின்தொடர வருவது என்று கொள்ளலாம். எங்கள் மூத்தம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. மஃரிபுக்குப் பிறகு அயல் வீட்டுப் பெண்கள் சுற்றியிருக்க, முனாஜாத்தை ராகம் போட்டு ஓதுவார். கடைசி வரி வாயில் இருக்கும்போதே அவர் கண் மூலைச் சொல்லைப் பிடித்துவிடும். கை தாளைப் புரட்டும். குரல் அறுபடாது. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பக்கம் மாறியதே தெரியாது.

சென்ற அத்தியாயத்தில், யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைத்த கதையைச் சொன்னேன். அங்கே தாள் உருளையில் சுற்றிக்கொண்டு வரிக்கு ஒரு தள்ளாக மேலேறும். இந்த அத்தியாயத்தில் தாளே இல்லை. கண்ணாடித் திரையில் எழுத்து எப்படி மேலேறக் கற்றுக்கொண்டது, மூத்தம்மாவின் மூலைச் சொல் அங்கே எப்படித் தொலைந்தது, அதைத் திரும்பக் கொண்டுவர ஏன் 40 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பக்கத்தை நகர்த்த மனிதன் கண்டுபிடித்த வழிகள் அதிகமில்லை. நமது கிழக்கிலங்கைக் கரையோரத்தில் அவை ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே வாழ்ந்திருக்கின்றன. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் 'கண்ணகி வழக்குரை' பாடும் தமிழ்க் கிராமங்களில் அது ஓலை ஏடு. கயிற்றில் கோத்த நீண்ட ஓலை. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கும். அடிக்கடி புரட்ட வேண்டும். பள்ளிவாசலிலும் நமது வீடுகளிலும் இரண்டு அட்டைக்குள் கட்டிய கிதாபு. குர்ஆன் பிரதியை 'முஸ்ஹப்' என்று சொல்வதே ஏடுகளைச் சேர்த்து வைத்தது என்ற பொருளில்தான். மூன்றாவது வழியான சுருள் ஏடு நமது கரையில் நிலைக்கவில்லை. மத்தியதரைக் கடல் நாடுகளில் அது நெடுங்காலம் ஆண்டு, பின் கட்டிய நூலிடம் தோற்றுப் போனது. அந்தச் சுருள்தான் 20ஆம் நூற்றாண்டில் திரை வழியாக மீண்டும் வந்தது. நமது பிள்ளைகள் விரலால் தள்ளிக்கொண்டே 'ஸ்க்ரோல்' என்று சொல்வது அந்தச் சுருளின் ஆங்கிலப் பெயர்.

சுருட்டும் வேலையை நன்றாகத் தெரிந்தவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள்: மருதமுனையின் கைத்தறிக்காரர்கள். பாவு ஒரு மரத்திலிருந்து அவிழ்ந்து வரும். நெய்த துணி முன்னால் உள்ள படமரத்தில் சுற்றும். நெய்யுமிடம் எட்டாத தூரத்துக்குப் போனதும் தறியை நிறுத்தி, நெய்ததைச் சுற்றிக்கொள்வார்கள். முழுவதையும் சுற்றிவிட மாட்டார்கள். நெய்து முடித்த துணியில் கொஞ்சத்தைக் கண் முன்னால் விட்டுவைத்துத்தான் அடுத்த ஊடை ஓடும். அந்தக் கொஞ்சத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்ப வரும்.

ஆரம்ப காலத்துக் கணினித் திரைகள் எழுத்தைக் குதிக்க வைத்தன. அடியில் புதிய வரி ஒன்று வந்தால், மேலே இருந்த அத்தனை வரிகளும் ஒரே வெட்டில் ஒரு வரி உயரும். நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஒரு வரி இருந்த இடத்தில் திடீரென்று வேறொரு வரி இருக்கும். 1978இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்குவிப்மென்ட் கோர்ப்பரேஷன் வெளியிட்ட வீ.டி. 100 என்ற முனையத்தில் இதற்கு ஒரு மருந்து வைத்தார்கள். பாவிப்பவர் விரும்பினால் எழுத்துகள் குதிக்கும்; விரும்பினால் வழுக்கிக்கொண்டு மேலேறும்.

அதன் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. திரையில் 24 வரிகள். ஒவ்வொரு எழுத்து வரியும் 10 மெல்லிய ஒளிக்கோடுகளால் ஆனது. 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் அந்தத் திரை வினாடிக்கு 60 தடவை புதிதாக வரையப்படும். ஒவ்வொரு தடவையும் எழுத்தை ஒரேயொரு கோடு மட்டும் உயர்த்தினால், 10 தடவையில் ஒரு வரி ஏறிவிடும். வினாடிக்கு 6 வரி. நமது நாட்டைப் போல 50 ஹேர்ட்ஸ் உள்ள இடத்தில் 5 வரி. அதற்கு மேல் வேகம் இல்லை. அவசரக்காரர்கள் பொறுக்க மாட்டாமல் குதிக்கும் முறைக்கே திரும்பினார்கள். வழுக்கினால் கண்ணுக்குச் சுகம், குதித்தால் கைக்கு வேகம் என்ற இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

கண்ணுக்கு ஏன் சுகம்? வாசிக்கும் கண் வரியின் மேல் ஒரே சீராக ஓடுவதில்லை. தங்கித் தங்கித் தாவுகிறது. ஒரு தங்கல் ஏறத்தாழக் கால் வினாடி. பக்கம் சட்டென்று மாறினால், தங்கியிருந்த இடம் கண்ணுக்குக் கீழிருந்து பறிபோகிறது; திரும்பத் தேட வேண்டும். நகரும் பொருளை விடாமல் தொடர்வது கண்ணின் இன்னொரு திறமை. கல்முனைக் கடற்கரையில் நின்று தோணி ஒன்று கரைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அலை எத்தனை தடவை மறைத்தாலும் கண் அந்தத் தோணியைத் தொலைப்பதில்லை. பக்கமும் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் வாசித்த வரி அதுபோலவே கூட வரும்.

முனையத்தின் கதை இது. எழுதும் மென்பொருளின் கதைக்கு 1976க்குப் போக வேண்டும். டெக்ஸ்ட் எடிட்டர் என்று சொல்கிறோமே, அந்த வகையில் இன்றும் உயிரோடிருக்கும் இரண்டு பெரிய குடும்பங்கள் அந்த ஆண்டில்தான் தொடங்கின. கலிபோர்னியாவில் பில் ஜோய் 'வீ.ஐ.' எழுதினார். எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டோல்மனும் தோழர்களும் 'ஈமெக்ஸ்' எழுதினார்கள். இரண்டிலும் ஒரு திரை அளவு முன்னே போகும் கட்டளை உண்டு. அதை அழுத்தினால் திரை முழுவதும் புதிதாக மாறிவிடாது. பழைய பக்கத்தின் கடைசி 2 வரிகள் புதிய பக்கத்தின் தலையில் வந்து நிற்கும். அந்தப் பழக்கம் இன்றைய பதிப்புகளிலும் தொடர்கிறது. தறியில் விட்டுவைத்த துணி இதுதான். மூலைச் சொல்லும் இதுதான். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கண் தெரியாததற்குள் போகும் என்பதை அந்த இளைஞர்கள் தாங்களாகவே கண்டுகொண்டிருந்தார்கள்.

ஆனால் அவர்கள் எழுதியது நிரல். நிரல் எழுதுபவரின் வரி குறுகியது. நாலைந்து சொல்லில் முடித்து எண்டர் தட்டிவிடுவார். கட்டுரை எழுதுபவர் பந்தி முடியும்வரை எண்டரைத் தொடுவதில்லை. கோப்பைப் பொறுத்தவரை அந்தப் பந்தி முழுவதும் ஒரே வரி. திரையின் அகலத்துக்கு மடித்துக் காட்டும்போதுதான் நமக்கு அது 10, 12 வரியாகத் தெரிகிறது. 1991இல் நெதர்லாந்தின் பிராம் மூலனார், வீ.ஐ. வழியில் 'விம்' என்ற எடிட்டரை வெளியிட்டார். உலகமெங்கும் பரவிய கருவி அது. அதில் ஆழமாக ஊறிய விதி ஒன்று இருந்தது: சாளரத்தின் உச்சியில் எப்போதும் ஒரு கோப்பு வரியின் தொடக்கமே நிற்க வேண்டும். பந்தியின் நடுவிலிருந்து திரை தொடங்க முடியாது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். 12 வரிப் பந்தி ஒன்று உச்சியில் நிற்கிறது. ஒரே ஒரு வரி கீழே போக நினைத்துத் தள்ளினால் 12 வரியும் ஒன்றாக மறையும். திரையின் அடியிலும் இதே கதை: பந்தி முழுவதும் கொள்ளாவிட்டால் அதைக் காட்டாமல், அந்த இடத்தில் 'அட்' குறிகளை நிரப்பி வைக்கும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கே இது தொல்லை. நமக்கு இன்னும் அதிகம். தமிழ் எழுத்து அகலமானது, தமிழ்ச் சொல் நீளமானது. அதே செய்தி திரையில் கூடுதல் வரிகளாக மடியும். குதிப்பும் அந்த அளவுக்குப் பெரிதாகும்.

கல்முனை என்றதும் இலக்கியக்காரர்களுக்கு முதலில் கவிதைதான் நினைவுக்கு வரும். நீலாவணன், எம்.ஏ. நுஃமான், சோலைக்கிளி என்று வரிசை நீளும். கவிதை வரி குறுகியது. இந்தத் தொல்லை கவிஞர்களைத் தொட்டிருக்காது. மருதூர்க்கொத்தனைப் போலச் சிறுகதை எழுதியவர்களின் பிரதியைத் திரையில் ஒப்புநோக்கும்போதுதான் இதன் வலி தெரியும். எனக்கும் தெரியும். நீண்ட கட்டுரை ஒன்றைத் திரையில் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பந்தி குதித்து மறைந்தது. திரும்பத் தேடிப் பிடித்த இடம் சரியான இடம் என்று நம்பி மேற்கொண்டு போனேன். அச்சாகி வந்த பிறகு பார்த்தால், இரண்டு வரிகள் என் கண் படாமலே பிழையோடு போயிருந்தன. எழுதியவர் முதியவர், ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

தமிழுக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. நமது டைப்செட்டிங் கடைகளில் பாமினி எழுத்துரு கோலோச்சிய காலத்தை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டினால் திரையில் 'தமிழ்' என்று வரும். கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஐந்து ஆங்கிலக் குறிகளுக்கு ஐந்து வடிவங்களை வரிசையாக வைக்கும், அவ்வளவுதான். அதனால் பக்கம் தங்குதடையின்றி நகர்ந்தது. எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பைக் கொண்டுபோனால் மட்டும் ஒன்றும் விளங்காது.

யுனிகோட் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் வரைவதை அது கடினமாக்கியது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யுனிகோட் கோப்பில் ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறிகளாக அது இருக்கும். திரையிலோ கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால் என்று மூன்று வடிவங்களாகப் பிரித்து வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் வடிவம் தீர்மானிக்கும் வேலையைத் தனி மென்பொருள் ஒன்று செய்கிறது. அவற்றில் இன்று மிகப் பரவலானது 'ஹர்ஃப்பஸ்'. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்பொத் வளர்த்தெடுத்தது. பெயர் பாரசீகம்: 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்தது. குர்ஆன் மத்ரஸாவில் அலிஃப், பே ஓதிய எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் ஹர்ஃப் என்றால் என்னவென்று சொல்லும். அதே சொல்தான் இன்று உங்கள் கைத்தொலைபேசிக்குள்ளும் எழுத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறது. ஈமெக்ஸ் 2020இல் வெளிவந்த 27ஆம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டது.

பக்கம் வழுக்க வேண்டுமானால் திரையை வினாடிக்கு 60 தடவை வரைய வேண்டும். ஒரு தடவைக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. அதற்குள் திரையிலுள்ள எல்லாத் தமிழ்ச் சொல்லுக்கும் வடிவம் தேடி வரைந்து முடிக்காவிட்டால் நகர்வு திக்கும். ஒருமுறை கண்ட வடிவத்தை நினைவில் வைத்து மறுபடி எடுத்துக்கொள்வதுதான் இதற்குக் கைகண்ட வழி.

உயரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. நமது எழுத்தில் தமிழ் வாக்கியத்துக்கு நடுவே குர்ஆன் வசனம் அரபியில் வரும். ஆங்கிலப் பெயர் ஒன்றும் வரும். மூன்று மொழிக்கும் மூன்று எழுத்துரு. அரபு வரி தன் ஹரகத்துகளோடு உயரம் கூடி நிற்கும். எல்லா வரியும் ஒரே உயரம் என்று நினைத்துத் தள்ளும் எடிட்டரில் அந்த வரி வரும்போது பக்கம் துள்ளும். ஒவ்வொரு வரியின் உண்மையான உயரத்தையும் அளந்து, வரிக் கணக்கை விட்டுப் புள்ளிக் கணக்கில் தள்ளினால்தான் துள்ளல் நிற்கும். ஈமெக்ஸுடன் 'ஹெலோ' என்றொரு சிறிய கோப்பு வருகிறது. உலக மொழிகளின் முகமன்கள் அதில் வரிசையாக இருக்கும். தமிழின் வணக்கமும் உண்டு, அரபியின் ஸலாமும் உண்டு. அந்த ஒரே கோப்பில் எத்தனையோ எழுத்துகள் சேர்ந்திருப்பதால் திரைக்காட்சியைச் சோதிக்க நல்ல உரைகல். நமது ஊர்க் கட்டுரை ஒவ்வொன்றும் அப்படி ஒரு உரைகல்தான் என்பேன்.

இனி 2022க்கு வருவோம். அந்த ஆண்டு ஒக்டோபரில் பிராம் மூலனார், 31 ஆண்டுகளாகத் தன் எடிட்டரில் நின்ற விதியைத் தளர்த்தினார். புதிய விருப்பத்தேர்வு ஒன்றைப் போட்டுக்கொண்டால் விம்மின் திரை பந்தியின் நடுவிலிருந்தும் தொடங்கலாம். மடித்த வரிகள் ஒவ்வொன்றாக மேலேறும். பந்தியின் தலை மறைந்திருக்கும்போது, திரையின் உச்சியில் இடது மூலையில் இடப்பக்கம் பார்த்த மூன்று கோணக் குறிகள் தோன்றும். இந்தப் பந்தியின் தொடக்கம் மேலே இருக்கிறது என்பது அதன் செய்தி.

அதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மூத்தம்மாவின் கிதாபுதான் நினைவுக்கு வந்தது. கிதாபின் மூலைச் சொல் பக்கத்தின் அடியில் நின்று வரப்போவதைச் சொன்னது. இந்தக் குறி பக்கத்தின் உச்சியில் நின்று விட்டுவந்ததைச் சொல்கிறது. திசை வேறு, கடமை ஒன்று.

ஈமெக்ஸ் இன்னும் ஒரு படி போனது. 2023 ஜூலை 30இல் வந்த 29.1ஆம் பதிப்பில், வரியைக் கூட அலகாகக் கொள்ளாமல் திரைப்புள்ளி அளவில் துல்லியமாக நகரும் முறை இருந்தது. அதற்கு நான்கு நாள் கழித்து, ஓகஸ்ட் 3இல், பிராம் மூலனார் 62 வயதில் காலமானார். விம்மை இலவசமாகக் கொடுத்தவர் அவர். பாவிப்பவர்கள் விரும்பினால் உகண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். 2024 ஜனவரி 2இல் வெளியான விம் 9.1ஐ அவருடைய நினைவுக்கே சமர்ப்பித்தார்கள். பந்தி நடுவே நகரும் வசதி அந்தப் பதிப்பில்தான் பலருடைய கைக்கு வந்து சேர்ந்தது.

இத்தனையும் சொன்னதால், எல்லாப் பக்கமும் வழுக்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நமது ஊர்களின் ஹிப்ழு மத்ரஸாவுக்குப் போய்ப் பாருங்கள். மனனம் செய்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே, இந்த ஆயத்து வலப்பக்கத்தில் மேலிருந்து நாலாவது வரியில் தொடங்குகிறது என்று சொல்லும். மன்னர் ஃபஹத் நிலையம் மதீனாவில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பும் முஸ்ஹபில் 604 பக்கங்கள். பெரும்பாலும் பக்கத்துக்கு 15 வரி. ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனம் முடியுமிடத்தில் முடியும். உஸ்மான் தாஹாவின் எழுத்து. எந்தப் பிரதியைத் திறந்தாலும் அந்த வசனம் அதே இடத்தில் இருக்கும். ஓதும் பிள்ளையின் ஞாபகம் ஓசையில் பாதி, இடத்தில் பாதி. அந்தப் பக்கத்தை உடைத்து முடிவில்லாத சுருளாக விரலால் தள்ளவைக்கும் செயலியைப் பிள்ளையிடம் கொடுத்தால், ஞாபகத்தின் பாதியைப் பறித்ததாகும். ஒப்புநோக்குபவருக்கு நகரும் பக்கம் வேண்டும். மனனம் செய்பவருக்கு அசையாத பக்கம் வேண்டும். இரண்டையும் தெரிந்து இடமறிந்து கொடுப்பதே நல்ல கருவி.

விம், ஈமெக்ஸ் இரண்டிலும் பக்கம் வழுக்கி நகரும் வசதி அணைத்த நிலையிலேயே வருகிறது. பாவிப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழில் நீண்ட பந்தி எழுதும் நமது இளைஞர்கள் ஒரு நாள் அதைப் போட்டு எழுதிப் பார்க்கட்டும். தமிழ் வரியில் எங்காவது பக்கம் துள்ளினால், அந்த எடிட்டரைச் செய்பவர்களுக்கு எழுதி அறிவிக்கட்டும். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

இன்னொரு வேலை அதைவிட அவசரம். 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கடல் வீட்டுக்குள் வந்தபோது, உயிர்களோடு அலுமாரிகளும் போயின. அவற்றுக்குள் கிதாபுகளும் போயின. மிஞ்சியவற்றைக் கடற்காற்று தின்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்து வருவதைப் பார்த்து, நமது ஊர்களிலும் பலர் வீட்டுக் கிதாபுகளைக் கைத்தொலைபேசியால் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் படமெடுத்ததும் அழகாக இருக்கட்டும் என்று எழுத்துப் பெட்டியைச் சுற்றியுள்ள ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். மூலைச் சொல் இருப்பது அந்த ஓரத்தில்தான். தாள் கழன்று, எண்ணும் இல்லாத கிதாபை நாளைக்கு ஒருவர் வரிசைப்படுத்த நேர்ந்தால், அவருக்குத் துணை அந்த ஒரு சொல். ஆகவே தாள் முழுவதும் தெரியப் படமெடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள்.

(தொடரும்)